எண்ணும் பொறிக்கு அறம் வகுப்பார் யார்?

(மன்றத்தின் திங்கட் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற பொழிவின் எழுத்து வடிவம்)



செயற்கை நுண்ணறிவு என்னும் பெயரைக் கேளாத செவி இன்று நாட்டில் இல்லை. கணிப்பொறி மடல் எழுதுகின்றது; படம் வரைகின்றது; கடன் கேட்பார்க்குக் கொடுக்கலாமா, மறுக்கலாமா என்று கூறுகின்றது; வேலைக்கு விண்ணப்பித்தாருள் இன்னாரை அழைக்க, இன்னாரை விடுக்க என்று பிரித்தும் தருகின்றது. மாந்தன் செய்த தீர்ப்பாயின் அவனை நிறுத்தி வினவலாம். பொறி செய்த தீர்ப்பை யார் வினவுவது? ஆகலின், அதற்கு அறநெறி வகுக்க வேண்டும் என்னும் குரல் உலகெங்கும் எழுந்துள்ளது. வகுப்பார் யார் என்பதில்தான் வழக்கு. பொறியைப் படைத்தவரே அதன் குற்றங்குறையையும் அறிவர் என்பர் ஒரு சாரார். சட்டம் பயின்றவர்க்கே அப்பணி உரியது என்பர் மற்றொரு சாரார். அறம் பற்றிய ஆய்வு மெய்யியலார்க்கு உரியது, பிறர் அதிற் கைவைத்தல் தகாது என்பாரும் உளர்.

இம் மூவருள் எவரும் தனித்து நின்று அப்பணியை முடிக்க இயலாது. இதனைக் காட்ட நெடிய கொள்கை விளக்கம் வேண்டா. நடந்த செய்தி ஒன்றே போதும்.

அமெரிக்காவில் நெடுநாள் நோயாளிகளுக்கென ஒரு தனிக் கவனிப்புத் திட்டம் உண்டு. நீரிழிவும் குருதிக் கொதிப்பும் சிறுநீரகக் கோளாறும் ஒருவர்பால் ஒருங்கு கூடினால், அவருக்கெனத் தனிச் செவிலியர் அமர்வர். மருத்துவரைக் காணும் நாள் முன்கூட்டியே ஒதுக்கப்பெறும். மருந்து தவறாமல் உட்கொள்கின்றாரா என்று ஆள் வைத்துப் பார்ப்பர். நல்ல திட்டம், ஆனால் பெரும்பொருள் வேண்டுவது. எல்லாரையும் அதிற் சேர்த்தல் இயலாது. யாரைச் சேர்ப்பது என்று தெரிந்து கூறவே பொறியை அமர்த்தினர். அது நோயாளி ஒவ்வொருவருக்கும் ஒரு மதிப்பெண் இடும். நூற்றுவருள் தொண்ணூற்றெழுவரை விஞ்சிய மதிப்பெண் பெற்றவர் தாமாகவே பட்டியலில் ஏறுவர். ஐம்பத்தைவரை விஞ்சியவராயின், அவரைச் சேர்க்கலாமா என மருத்துவர் எண்ணிப் பார்ப்பார். இவ்வகைக் கணக்கீட்டுப் பொறிகள் ஆண்டுதோறும் ஏறத்தாழ 20 கோடி அமெரிக்க மக்கள்மீது செலுத்தப்பெறுவதாக அத்தொழில் நடத்துவோரே மதிப்பிட்டிருந்தனர்.

2019-ஆம் ஆண்டு அக்தோபர்த் திங்களில் 'சயின்சு' என்னும் ஆய்விதழில் இதைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது. எழுதியோர் நால்வர். ஒருவர் ஓபர்மேயர்; உடனடி மருத்துவப் பிரிவில் நோயாளிகளைக் கண்டு பழகிய மருத்துவர். பவர்சு என்பாரும் மருத்துவரே. வோகெலி என்னும் அம்மையார் நலத்துறை ஆய்வாளர். நான்காமவர் செந்தில் முல்லைநாதன். தமிழ்நாட்டிற் பிறந்து இளம் அகவையிலேயே அமெரிக்காவுக்குப் பெயர்ந்த பொருளியல் அறிஞர். பெரிய மருத்துவமனை ஒன்றில் 2013 முதல் 2015 வரை பதிவாகியிருந்த 6,079 கறுப்பினத்தாரின் குறிப்புகளையும் 43,539 வெள்ளையரின் குறிப்புகளையும் இவர்கள் ஒப்பிட்டுப் பார்த்தனர்.

கண்டது யாது? பொறி ஒரே மதிப்பெண் கொடுத்த இருவருள், கறுப்பினத்தவர் மிகுந்த நோயுடையவராக இருந்தார். தாமாகவே பட்டியலில் ஏறும் அந்த 97-ஆம் படிநிலையில், வெள்ளையர்க்கு நெடுநாள் நோய் சராசரியாக 3.8; கறுப்பினத்தார்க்கு 4.8. அஃதாவது, ஒரு வெள்ளையர் பெறும் கவனிப்பைப் பெறுவதற்கு ஒரு கறுப்பினத்தவர் அவரினும் ஏறத்தாழ நாலிலொரு பங்கு மிகுதியாக நோயுற்றிருத்தல் வேண்டும். இக்கோணலை நிமிர்த்தினால், தாமாகவே சேர்க்கப்படுவாருள் கறுப்பினத்தார் பங்கு 17.7 விழுக்காட்டிலிருந்து 46.5 விழுக்காடாக உயரும் என்றும் கணக்கிட்டனர். அவ்விரண்டு எண்களுக்கும் இடையே கவனிப்பின்றி வீட்டிற் கிடந்தவர் எத்துணையர் என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

இதிற் பெருவியப்பு ஒன்று உண்டு. நோயாளியின் இனம் இன்னது என்று அப்பொறிக்கு எவரும் சொல்லவே இல்லை. நிறம் அதற்குத் தெரியாது. பின் எங்ஙனம் இவ்வேறுபாடு நுழைந்தது?

நுழைந்த வாயில் ஒரு சொல். 'வரும் ஆண்டில் யார்க்கு நோய் மிகும்?' என்று பொறியைக் கேட்க விரும்பினர். நோயை அளந்து எண்ணாகத் தருதல் கடினம். ஆனால் ஒவ்வொருவர்க்கும் மருத்துவத்திற்கு ஆன செலவு, காப்பீட்டு ஏட்டில் எண்ணாகவே இருந்தது. எனவே, 'வரும் ஆண்டில் யார்க்குச் செலவு மிகும்?' என்று கேட்டனர். நோய் மிகுந்தால் செலவும் மிகும் அன்றோ என்பது அவர்தம் எண்ணம். பார்த்த அளவில் குற்றமில்லாத எண்ணம்.

ஆயின் செலவு ஆவதற்கு முதலில் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். செல்வதற்கு ஊர்தி வேண்டும். கூலி இழக்காமல் விடுப்பு வேண்டும். சென்றபின் மருத்துவர் சொற்கேட்டுக் கனிவோடு நடத்த வேண்டும். அவர்மேல் நோயாளிக்கு நம்பிக்கையும் வேண்டும். 1932 முதல் 1972 வரை, அலபாமாவின் தசுக்கீகியில், மேகநோயுற்ற கறுப்பின ஆடவரை மருந்து கொடுக்காமலே வைத்து அரசு மருத்துவர்கள் ஆய்ந்து பார்த்த கொடுமையை அம்மக்கள் மறந்துவிடவில்லை. இவை அனைத்தும் கூடி, நோயளவு ஒத்திருந்தும் கறுப்பினத்தார்க்கு ஆன செலவு ஆண்டுக்கு 1,801 தாலர் குறைவாக இருந்தது. குறைந்த செலவைக் கண்ட பொறி, 'இவர்க்கு நோய் குறைவு' என்று தீர்த்துவிட்டது. முன்பு கவனிக்கப்படாமையே, இனியும் கவனிக்க வேண்டா என்பதற்குச் சான்றாயிற்று!

தமிழ் இலக்கணம் பயின்றார்க்கு இப்பிழை புதிதன்று. 'ஊர் சிரித்தது' என்றால் தெருவும் குளமும் சிரித்தன என்று எவரும் கொள்வதில்லை. ஊரில் வாழ்வார் சிரித்தனர் என்றே கொள்வர். ஒன்றன் பெயர் அதனோடு தொடர்புடைய மற்றொன்றற்கு ஆகி வருவது ஆகுபெயர். கேட்பவன் அறிவுடையவன் ஆகலின், எது எதற்கு ஆகி வந்தது என்று அறிந்து பொருள் கொள்கின்றான். அமெரிக்கப் பொறிக்கு உள்ளே 'செலவு' என்பது 'நோய்' என்பதற்கு ஆகி வந்தது. ஆக்கியவர் அதனை ஆகுபெயர் என்று மறந்தனர். பொறி அதனை இயற்பெயராகவே கொண்டது. அளவை எனப்படுவன பலவும் இத்தகைய ஆகுபெயர்களே. மதிப்பெண் கல்விக்கு ஆகி வருகின்றது. வருவாய் உழைப்புக்கு ஆகி வருகின்றது. ஆகி வந்தமையை மறவாதவரை தீங்கில்லை.

இனி, இப்பிழையைத் தனித்துக் கண்டிருக்கக் கூடியவர் யார்? பொறி வல்லுநர் தம் கணக்கைச் சரிபார்த்தால், பொறி சொன்ன செலவும் உண்மையில் ஆன செலவும் இரு இனத்தார்க்கும் பொருந்தியே இருந்தன. பொறி பொய் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்குச் செம்மையாகவே விடை தந்தது. எனவே அவர் கண்ணுக்குப் பிழை புலப்படாது. மருத்துவர்க்கோ, தம் முன் இருக்கும் நோயாளி தெரியும். மதிப்பெண் எப்படி விளைந்தது என்பது தெரியாது. நலத்துறை ஆய்வாளர்க்கு ஏடுகள் எங்குள்ளன, எப்படி நிரம்பின என்பது தெரியும். பொருளியலார்க்கு, ஒன்றை அளக்க மற்றொன்றை வைத்தால் இடையில் என்ன கசியும் என்பது தெரியும். நால்வகை அறிவும் ஒரே ஏட்டைச் சூழ்ந்து அமர்ந்தபோதுதான் பிழை வெளிப்பட்டது.

அதற்குப்பின் நடந்ததும் அறியத்தக்கது. ஆய்வாளர்கள் அப்பொறியை ஆக்கிய நிறுவனத்தாரை அணுகினர். அவர்களும் தம் கையிலிருந்த 36,95,943 பேரின் குறிப்புகளைக் கொண்டு ஆய்ந்து, அதே கோணலைத் தாமும் கண்டனர். இருசாராரும் கூடி, செலவை மட்டும் கேளாமல் உடல்நலத்தையும் சேர்த்துக் கேட்குமாறு கேள்வியை மாற்றினர். கோணல் 84 விழுக்காடு குறைந்தது. புதிய பொறி வேண்டியிருக்கவில்லை. பழைய பொறியிடம் கேட்ட கேள்வியின் சொற்களே மாறின.

மருத்துவமனையை விட்டு வழக்குமன்றத்திற்கு வருவோம். புளோரிடாவின் புரோவார்டு மாவட்டத்தில், பிடிபட்டவர் மீண்டும் குற்றம் செய்வாரா என்று மதிப்பிட 'காம்பசு' என்னும் கருவி பயன்பட்டது. 2016-ஆம் ஆண்டு மே திங்களில் 'புரோபப்ளிகா' என்னும் செய்தி நிறுவனத்தார், ஏழாயிரத்திற்கு மேற்பட்டவரின் பதிவுகளைத் திரட்டி, ஈராண்டு அவர்கள் என்ன செய்தனர் என்று ஒத்துப் பார்த்து வெளியிட்டனர். பின்னர்க் குற்றம் செய்யாத கறுப்பினத்தாருள் 44.9 விழுக்காட்டினரை 'இடர் மிக்கவர்' என்று கருவி பிழையாகக் குறித்திருந்தது. வெள்ளையருள் அவ்வாறு பிழைபடக் குறிக்கப்பட்டவர் 23.5 விழுக்காடு. இங்கும் ஓர் ஆகுபெயர் உண்டு: மீண்டும் வழக்குப் பதிவானமை, மீண்டும் குற்றம் செய்தமைக்கு ஆகி வந்தது. காவலர் கண் எத்தெருவில் மிகுதியாக உலவுகின்றதோ அத்தெருவில் வழக்கும் மிகும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

கருவியை ஆக்கிய நிறுவனம் மறுத்துரைத்தது. 'எங்கள் கருவி ஒரே மதிப்பெண் தந்தவருள், கறுப்பரும் வெள்ளையரும் ஏறத்தாழ ஒரே அளவினரே மீண்டும் குற்றம் செய்தனர். பின் எங்ஙனம் நடுநிலை தவறிற்று?' என்பது அவர் எதிருரை. அதுவும் பொய்யன்று. இருதரத்தாரும் மெய்யான எண்களையே காட்டினர். இருவரும் நடுநிலை என்றே பேசினர். ஆனால் ஒருவர் கருதிய நடுநிலை மற்றவர் கருதியது அன்று.

அவ்வாண்டின் பிற்பகுதியில் கணக்கறிஞர் இவ்வழக்கில் நுழைந்தனர். கிளைன்பெர்க்கு, முன்சொன்ன முல்லைநாதன், இராகவன் ஆகிய மூவரும் ஒருபுறம். சோல்தெச்சோவா என்னும் புள்ளியியல் அறிஞர் தனியே மற்றொருபுறம். இருசாராரும் காட்டிய முடிபு ஏறத்தாழ ஒன்றே. இருகூட்டத்தாரிடையே மீண்டும் வழக்கிற் சிக்குவோர் விகிதம் வேறுபட்டிருக்குமாயின், சிறிதும் பிழையாத முற்றறிவு ஒரு கருவிக்கு இருந்தாலன்றி, அவ்விருவகை நடுநிலையும் அதில் ஒருங்கே நிற்றல் இயலாது. ஒன்றைக் கொண்டால் மற்றொன்றைக் கைவிட வேண்டும். எதனைக் கொள்வது? அதற்குக் கணக்கில் விடையில்லை. குற்றமற்றவனைச் சிறையில் வைத்தல் பெருந்தீங்கா, குற்றவாளியை வெளியே விடுதல் பெருந்தீங்கா என்பது நடுவரும் சட்டமியற்றுவோரும் மக்களும் எடுத்துரைக்க வேண்டிய கேள்வி. செய்தியாளர் ஏடு திரட்டியிராவிடின் கணக்கறிஞர்க்கு வேலை இருந்திராது; கணக்கறிஞர் எல்லை காட்டியிராவிடின் அவ்வழக்கு இன்றும் வெறுங்கூச்சலாகவே கிடக்கும்.

கூடிப் பேசுதல் எளிதென்று எண்ணிவிடலாகாது. முதல் இடர் சொல்லிலேயே தொடங்குகின்றது. ஆங்கிலத்தில் 'பயாசு' என்று ஒரு சொல். சட்டத்தார் அதனைச் சொன்னால் ஒருவர்பாற் கொண்ட ஓரம், பக்கச்சார்பு என்று பொருள். புள்ளியியலார் சொன்னால், மதிப்பீடு உண்மை அளவிலிருந்து ஒரே பக்கமாக விலகி நிற்றல். அதிற் பழிப்பு ஒன்றுமில்லை. நரம்புவலை போன்ற கணிப்புமுறை ஆக்குவோர் சொன்னாலோ, கணக்கின் இடையே கூட்டப்படும் ஓர் எண். அதனை நீக்கினால் பொறி செவ்வனே இயங்காமற் போகலாம். மூவரும் ஒரே அறையில் இருந்து அச்சொல்லையே ஒரு நாள் முழுதும் பேசினாலும், மூவர் எண்ணத்திலும் வெவ்வேறு பொருளே இருக்கும். தமிழில் இவ்விடர் வாராமற் காக்கலாம். முதலாவதற்கு ஓரம், இரண்டாவதற்குச் சாய்வு, மூன்றாவதற்குக் கூட்டெண் என்று வெவ்வேறு சொல் வைத்தாற் போதும். ஆனால் இன்று நம் கலைச்சொல்லாக்கத்தார் பலர், ஆங்கில அகரமுதலியைத் திறந்து, மூன்றிடத்தும் 'சார்பு' என்றே எழுதிச் செல்கின்றனர். வேற்றுமொழிச் சொல்லை நீக்கிவிட்டு அதன் குழப்பத்தை மட்டும் இறக்குமதி செய்வது தூய தமிழாகாது.

துறைகள் ஒன்றற்கொன்று எதிர்பாராத வகையிலும் உதவுகின்றன. 1975-இல் பிட்சுபாட்ரிக்கு என்னும் தோல் மருத்துவர், வெயிலுக்குத் தோல் எங்ஙனம் கன்றும் அல்லது கறுக்கும் என்பது கொண்டு தோலை வகைப்படுத்தினார்; ஒளிமருத்துவத்தில் அளவு தெரிவதற்காகச் செய்தது. 2018-இல் புவோலாம்வினி, கெபுரு என்னும் இரு பெண் அறிஞர்கள் அவ்வளவுகோலை எடுத்து, முகம் பார்த்து ஆண், பெண் கூறும் மூன்று நிறுவனக் கருவிகளை ஆய்ந்தனர். வெளிர்நிற ஆடவரிடம் பிழை 0.8 விழுக்காட்டுக்கு மிகாத கருவிகள், கருநிறப் பெண்டிரிடம் 34.7 விழுக்காடு வரை பிழைத்தன. மருத்துவர் வகுத்த கோலின்றி இக்கணக்கை எடுத்தல் அரிது.

இனி, கூடியிருந்தும் கூடாத கதை ஒன்று. ஐரோப்பிய ஒன்றியம் 2018-இல் 52 வல்லுநரைக் கொண்ட குழுவை அமைத்து, செயற்கை நுண்ணறிவுக்கு அறநெறி வகுக்கப் பணித்தது. அவருள் ஒருவர் செருமானிய மெய்யியற் பேராசிரியர் தாமசு மெட்சிங்கர். எவ்வகையிலும் செய்யக்கூடாதன இவை என்று எல்லைக்கோடு வரையும் பொறுப்பு அவர்க்கும் மற்றொருவர்க்கும் வந்தது. ஆளின் துணையின்றித் தானே கொல்லும் படைக்கருவி, அரசு குடிமக்களுக்கு ஒழுக்க மதிப்பெண் இடுதல் ஆகியவை அவற்றுட் சில. 2019 ஏப்பிரலில் நெறிநூல் வெளிவந்தபோது 'சிவப்புக் கோடு' என்னும் சொல்லைக் காணோம். 'பேரத்திற்கு இடமற்றது' என்னும் சொல்லும் நீக்கப்பட்டிருந்தது. அவ்விடத்தில் 'கவலைக்குரியன' என்னும் மென்சொல் அமர்ந்திருந்தது. 52 பேருள் அறவியல் பயின்றார் நால்வரே என்றும், தொழில் நிறுவனத்தார் கையே ஓங்கியிருந்தது என்றும், இஃது அறத்தின் பெயரால் கறை கழுவும் வேலை என்றும் மெட்சிங்கர் செய்தித்தாளில் வெளிப்படையாகவே எழுதினார். ஆயினும் அந்நூல் இல்லாமையினும் நன்று என்பதையும் அவர் மறைக்கவில்லை.

பல துறையாரை ஓரவையில் அமர்த்துதல் வேறு. அவர் சொல்லுக்கு எடை தருதல் வேறு. அன்று நீக்கிய கோடு முற்றும் அழிந்துவிடவில்லை என்பது ஆறுதல். 2024-இல் ஒன்றியம் இயற்றிய சட்டத்தில், குடிமக்களுக்கு ஒழுக்க மதிப்பெண் இட்டு அதனால் தீங்கிழைத்தல் முதலியன தடை செய்யப்பட்டன. அத்தடை 2025 பிப்ரவரி 2-ஆம் நாள் முதல் நடைமுறைக்கு வந்தது. படைக்கருவிகளோ அச்சட்டத்தின் எல்லைக்கு வெளியே விடப்பட்டன.

'இவையெல்லாம் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நடப்பன. தமிழ்ப் புலவர்க்கு இங்கு என்ன வேலை?' என்று அவையில் யாரேனும் எண்ணலாம். வேலை உண்டு. நம் எழுத்திலிருந்தே தொடங்குகின்றது.

தமிழிலக்கணத்தில் 'க்' முதலில் நிற்கும் மெய். அதனோடு 'அ' சேர்ந்தால் 'க' என்னும் உயிர்மெய். கணிப்பொறிக்குரிய ஒருங்குறியில் இது தலைகீழ். அங்கே 'க' முதல் எழுத்து. அதன்மேற் புள்ளி என்னும் தனிக்குறியை இட்டாலே 'க்' பிறக்கும். இந்திய எழுத்துகள் அனைத்தையும் ஓரச்சில் வார்க்க 1988-இல் வகுத்த 'இசுக்கி' முறையைத் தழுவி, 1991-இல் ஒருங்குறி வெளிவந்தமையால் வந்த நிலை இது. ஒருமுறை இடம்பெற்ற குறியை நீக்குவதோ நகர்த்துவதோ இல்லை என்பது ஒருங்குறி மன்றத்தின் கட்டுப்பாடு. 2010-இல் தமிழ்நாட்டரசு ஒருங்குறியோடு, எழுத்து ஒவ்வொன்றற்கும் தனியிடம் தரும் மற்றொரு குறியீட்டையும் ஏற்றது. உலகில் பரவியதோ ஒருங்குறியே.

'எழுதினான்' என்பது நமக்கு ஐந்தெழுத்து. ஒருங்குறியில் அஃது ஒன்பது குறி. இன்று பெருவழக்கான சேமிப்பு முறையில், குறிக்கு மூன்றாக 27 பைட்டு இடம் கொள்ளும். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட்டே போதும். உரை எழுதும் பொறிகள் மொழியை எழுத்தாகவோ சொல்லாகவோ படிப்பதில்லை. அடிக்கடி ஒருங்கு வரும் பைட்டுகளைச் சேர்த்துத் துண்டுகளாக்கியே படிக்கின்றன. கற்கும் குவியலில் ஆங்கிலம் மிகுதி ஆகலின் ஆங்கிலச் சொல் முழுத்துண்டாக நிற்கின்றது, தமிழ்ச்சொல் நொறுங்குகின்றது. துண்டுக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்குவோரிடம், ஒரே கருத்தைச் சொல்லத் தமிழர் மிகுதியாகக் கொடுக்க வேண்டியதாயிற்று. 2024 மே திங்களில் ஓப்பன் ஏ.ஐ. நிறுவனம் தானே ஓர் எடுத்துக்காட்டை வெளியிட்டது. ஒரு சிறு உரைக்குப் பழைய முறையில் ஆங்கிலத்தில் 27 துண்டு, தமிழில் 116 துண்டு. துண்டாக்கும் முறையை மாற்றியபின் ஆங்கிலத்தில் 24, தமிழில் 35.

இடையில் தமிழ் மாறிவிடவில்லை. 116 என்பது தமிழின் இயல்பென்று எண்ணியிருந்தவர் உண்டாயின், அவ்வெண்ணத்தை 35 என்னும் எண் தகர்த்தது. எஞ்சியுள்ள இடைவெளியில் எவ்வளவு மொழியமைப்பால் வந்தது, எவ்வளவு துண்டாக்குவோர் தெரிவால் வந்தது என்பதைக் கணிப்பொறியார் மட்டும் பகுத்துச் சொல்ல மாட்டார். எழுது, இன், ஆன் என்று அச்சொல் எங்கே பிரியும் என்பதை நன்னூல் பயின்ற மாணவன் அறிவான். பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என்னும் ஆறும் அவனுக்குப் பாடம். பொறியோ பைட்டு எங்கே அடிக்கடி கூடுகின்றது என்று பார்த்து வெட்டுகின்றது. இரண்டு வெட்டும் எங்கே ஒக்கின்றன, எங்கே முரண்படுகின்றன என்பதைப் பத்தாயிரம் சொல்லெடுத்து அட்டவணையிட ஒரு புலவரும் ஒரு கணிப்பொறி மாணவரும் போதும். இம்மன்றத்தில் இருவகையாரும் அமர்ந்திருக்கின்றனர். வரும் திங்கட் கூட்டத்திற்கு முன் அவர்கள் ஒருவரையொருவர் கண்டு பேசுவராக.